சோளப்பாம்பு பேணல்: நம்பிக்கை, சந்தை, வாழ்நிலை

தமிழர் பண்பாட்டிற் பாம்பு பெற்றுள்ள இடம் பற்றி எழுதப்பட்டவை பல. வழிபாடு, புராணக்கதை, உவமை, பழமொழி எனப் பல நிலைகளிற் பாம்பு பற்றிய செய்திகள் தொகுக்கப்பட்டும் ஆராயப்பட்டும் வந்துள்ளன. எனினும், பாம்பு எங்கே உறைகின்றது, எதனை உண்கின்றது, எவ்வாறு வளர்கின்றது என்னும் வினாக்கள் விலங்கியலாளருக்கு மட்டுமே உரியன என்று பண்பாட்டாய்வாளர் ஒதுக்கிவிடுவதே வழக்கம். இவ்வாறு பிரித்து நோக்குதல் பொருத்தமன்று. ஓர் உயிரி பற்றி ஒரு சமுதாயம் கொண்டுள்ள கருத்துகள், அவ்வுயிரியோடு அச்சமுதாயம் கொண்டுள்ள நடைமுறை உறவிலிருந்தே முகிழ்க்கின்றன. அவ்வுறவு மாறும்போது கருத்துகளும் மாறுகின்றன; சிலபோது, உறவு மாறிய பின்னரும் பழைய கருத்துகள் எஞ்சிநின்று நடைமுறைக்குத் தடையாகின்றன.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினா இன்று புதியதொரு வடிவிற் தோன்றுகின்றது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வீட்டு வளர்ப்பு விலங்காக மிகப் பரவலாகப் பேணப்படும் பாம்பினங்களுள் ஒன்று சோளப்பாம்பு. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் நம்மவரின் அடுத்த தலைமுறை வளரும் சூழல், பாம்பு கடையில் விலைக்குக் கிடைக்கும் சூழலாகும். நயினாதீவு நாகபூசணி அம்மனையும், வடமராட்சி கிழக்கின் நாகர்கோவில் நாகதம்பிரானையும் வணங்கும் குடும்பத்தின் பேரப்பிள்ளை, பாம்பொன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எலி ஊட்டுதல் நடக்கக்கூடாத ஒன்றன்று. அச்செயலை விளங்கிக்கொள்வதற்கு, அப்பாம்பின் தேவைகளை முதலில் அறிதல் வேண்டும். அத்தேவைகளை அறிந்தால், நம் வேலியோரத்துச் சாரை பற்றியும் சில உண்மைகள் தெளிவாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. சோளப்பாம்பு

சோளப்பாம்பு ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரியது. 1766ஆம் ஆண்டில் லினேயசு இதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். நஞ்சற்றது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது. சோளக் களஞ்சியங்களில் எலி தேடி உலவியமையால் இப்பெயர் வந்ததென்பர் ஒருசாரார். அடிவயிற்றிலுள்ள கட்டங்கள் பன்னிறச் சோளமணிகளைப் போன்றிருத்தலே காரணம் என்பர் மற்றொருசாரார். எக்காரணம் உண்மையாயினும், பெயர் வேளாண்மையோடு தொடர்புடையது என்பது மனங்கொளத்தக்கது. உழவன் தானியத்தைச் சேமித்தான். தானியத்தை எலி நாடியது. எலியைப் பாம்பு நாடியது. மனித உழைப்பின் விளைபொருளே பாம்பை மனிதனுக்கு அண்மையிற் கொணர்ந்தது.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஏறத்தாழ 25 சதமமீற்றர் நீளமும் 6 முதல் 8 கிராம் வரையான நிறையும் உடையது. வளர்ந்த பாம்பு பொதுவாக 90 முதல் 150 சதமமீற்றர் வரை நீளும். முறையாகப் பேணப்படின் 15 முதல் 20 ஆண்டுகள் வரை, சிலபோது அதற்கு மேலும், உயிர்வாழும். ஆகவே, பாம்புக்குஞ்சொன்றை வாங்குபவர் ஏறத்தாழ ஒரு பிள்ளையின் பள்ளிப்பருவம் முழுவதற்குமான பொறுப்பை ஏற்கின்றார். விற்பனையின்போது இவ்வுண்மை எப்போதும் எடுத்துக்கூறப்படுவதில்லை.

2. உறைவிடம்

பாம்பு தன் உடல்வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விலங்கன்று, சூழலிலிருந்தே பெறுகின்றது. வெப்பம் வேண்டும்போது வெயிலுக்கும், மிகும்போது நிழலுக்கும் பெயர்கின்றது. அடைப்புக்குள் வைக்கப்பட்ட பாம்புக்கு இப்பெயர்ச்சி மறுக்கப்படுகின்றது. எனவே, அடைப்பின் ஒரு முனை வெப்பமாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் அமையவேண்டும். சோளப்பாம்பைப் பொறுத்தவரை வெப்பமுனை 29 முதல் 32 பாகை செல்சியசு வரையும், குளிர்முனை 22 முதல் 25 பாகை வரையும் இருத்தல் நன்று. இரு முனைகளிலும், பாம்பு சுருண்டு உடலெல்லாம் சுவரிற் படும்படி ஒடுங்கத்தக்க மறைவிடம் ஒவ்வொன்று வேண்டும். மறைவிடம் ஒன்றே இருப்பின், பாம்பு வெப்பத்தையோ பாதுகாப்பையோ இழக்க நேரிடும். அஞ்சிய பாம்பு உண்ணாது. உண்ணாத பாம்பு வளராது.

அடைப்பின் அளவு பற்றிய கருத்தும் மாறிவந்துள்ளது. சிறு பெட்டியே போதும் என்ற பழைய நிலைப்பாடு இன்று பலராலும் மறுக்கப்படுகின்றது. பாம்பு உடலை முழுமையாக நீட்டத்தக்கதாக அடைப்பின் நீளம் இருத்தல் வேண்டும் என்பதே இன்று வலியுறுத்தப்படுவது. வளர்ந்த பாம்பு ஒன்றிற்கு 120 சதமமீற்றர் நீளமும் 60 சதமமீற்றர் அகலமும் உடைய அடைப்பு ஏற்றது. நீளம் மிகுந்த பாம்பிற்கு அதனிலும் பெரிது வேண்டும். குஞ்சுக்குச் சிறிய பெட்டியே போதும். பெரிய அடைப்பைத் தரின் மறைவிடங்களும் இலைகுழைகளும் நிறைய வேண்டும். ஓர் அடைப்பில் ஒரு பாம்பே இருத்தல் நன்று. மூடி இறுக்கமாகப் பொருந்தவேண்டும். தலை நுழையும் இடுக்கில் உடல் முழுவதும் நுழைந்துவிடும்.

தரையிற் பரப்புவதற்குப் பத்திரிகைத்தாள் போதுமானது. ஒடுங்கவும் துளைக்கவும் இடந்தரும் மணமற்ற மரச்சீவல் மேலானது. தேவதாரு, பைன் முதலிய மணமுள்ள மரங்களின் சீவலைத் தவிர்க்கவேண்டும். அவற்றின் எண்ணெய்ப்பசை மூச்சுறுப்புகளுக்குத் தீங்கானது. பாம்பு உடலை அமிழ்த்தத்தக்க நீர்க்கலம் எப்போதும் இருக்கவேண்டும். தோலுரிக்கும் காலத்திற் கண்கள் நீலம்பாரித்து மங்கும். அப்போது ஈரமான பஞ்சு அல்லது பாசி வைத்த மறைவிடம் ஒன்று உதவும்.

இங்கு ஒரு முக்கிய வேறுபாடு சுட்டத்தக்கது. சோளப்பாம்பு பேணல் பற்றிய நூல்களிற் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. வெப்பத் தகடு, வெப்ப விளக்கு, அவற்றைக் கட்டுப்படுத்தும் கருவி என்பனவற்றிற்கு அவை முதன்மை தருகின்றன. யாழ்ப்பாணத்திலோ நிலைமை தலைகீழானது. மார்கழி, தை மாத இரவுகளிற்கூட இங்கு வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகைக்குக் கீழ் இறங்குவதில்லை. சித்திரை தொடங்கிப் பல மாதங்களுக்குப் பகல் வெப்பம் 32 பாகையைக் கடக்கின்றது. தகரக் கூரையின் கீழுள்ள அறையில் அதனினும் மிகும். 35 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் ஒதுங்க இடமின்றித் தொடர்ந்திருத்தல் சோளப்பாம்பின் உயிருக்கு ஆபத்தானது. ஆகவே இங்கு சிக்கல் சூடேற்றுவதன்று, குளிர்விப்பதே. அன்றியும், இப்பாம்புக்கு 40 முதல் 60 வீதம் வரையான காற்றீரம் ஏற்றது. கடல் சூழ்ந்த குடாநாட்டில் அது இவ்வளவைக் கடந்து நிற்பதே பெரும்பாலும் இயல்பு. காற்றோட்டமற்ற கண்ணாடிப் பெட்டியில் இவ்வீரம் தேங்கின் தோல் நோயும் மூச்சுறுப்பு நோயும் தோன்றும். பொருளோடு சேர்ந்து இறக்குமதியாகும் அறிவு, அது பிறந்த மண்ணின் காலநிலையையும் தன்னுள் சுமந்துவருகின்றது. அதனை அவ்வாறே பின்பற்றுவோர் பாம்பைக் கொல்லவும் கூடும்.

3. உணவு

நாகதம்பிரானுக்குப் பாலும் முட்டையும் படைப்பது நம் வழக்கம். இப்படையலின் சமூகப் பொருள் வேறு. பாம்பின் உணவு வேறு. பாம்பு பாலூட்டியன்று, பால் அதன் இயற்கை உணவுமன்று. நீரின்றி வாடவிடப்பட்ட பாம்பு எதிர்ப்படும் எந்தத் திரவத்தையும் பருகக்கூடும். அதனைக் கண்டோர் பாம்பு பால் குடித்தது என்றனர். அவ்வாறு பருகிய பால் அதற்குச் செரிமானக் கேட்டையே விளைவிக்கும்.

சோளப்பாம்பின் உணவு முழு எலி. இறைச்சித் துண்டு இதற்கு ஈடாகாது. எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தும், ஈரலிலிருந்து உயிர்ச்சத்துகளும், தசையிலிருந்து புரதமும் கிடைக்கின்றன. முழு இரையை உண்ணும் பாம்புக்கு வேறு சத்துப்பொடிகள் பொதுவாக வேண்டியதில்லை.

குஞ்சுப்பாம்புக்கு, பிறந்து ஓரிரு நாளான, மயிர் முளைக்காத சுண்டெலிக்குஞ்சு ஒன்று 5 முதல் 7 நாள்களுக்கு ஒருமுறை போதும். இத்தகைய எலிக்குஞ்சின் நிறை 1 முதல் 2 கிராம் வரையாகும். இரையின் பருமன், பாம்பு உடலின் மிகத் தடித்த பகுதியின் பருமனை ஒத்திருக்கலாம், சிறிது மிகலாம், ஒன்றரை மடங்கை மிஞ்சலாகாது. பாம்பு வளர வளர இரையின் அளவு கூடும். ஊட்டும் இடைவெளியும் நீளும். முழு வளர்ச்சியடைந்த பாம்புக்கு வளர்ந்த சுண்டெலி ஒன்று 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறை போதுமானது. நாள்தோறும் மும்முறை உண்ணும் மனிதர், பாம்பின் பசியைத் தம் பசியைக்கொண்டு அளக்கும்போதே தவறு தொடங்குகின்றது.

உயிருள்ள எலியை அடைப்புக்குள் விடுதல் தகாது. அச்சமுற்ற எலி பாம்பைக் கடித்துப் புண்படுத்தும். எலிக்கும் அது வீண் துன்பமாகும். முன்னரே கொன்று உறையவைத்த எலியைக் குளிர்சாதனப்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, பின் வெந்நீரிற் சூடாக்கி, நீண்ட இடுக்கியாற் கொடுத்தலே முறை. உண்டபின் இரு நாள்களுக்குப் பாம்பைக் கையிலெடுத்தல் கூடாது. செரிமானம் வெப்பத்தால் நிகழ்வது. வெப்பம் குறையின் இரை வயிற்றிற் கெட்டு, பாம்பு அதனைக் கக்கிவிடும். அவ்வாறு கக்கின் 10 முதல் 14 நாள்கள் ஓய்வளித்து, பின்னர்ச் சிறிய இரையோடு தொடங்கவேண்டும். பாம்பைத் தொட்டபின் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் வேண்டும். ஊர்வனவற்றின் உடலிற் சல்மொனெல்லாக் கிருமி இருக்கக்கூடும்.

வயலிற் பிடித்த எலியைக் கொடுக்கலாமா என்பது நம் சூழலில் இயல்பாக எழும் வினா. கொடுக்கலாகாது என்பதே விடை. அவ்வெலியின் உடலிற் புழுக்களும் நோய்க்கிருமிகளும் இருக்கலாம், எலிநஞ்சும் இருக்கலாம். நஞ்சுண்ட எலியை உண்ணும் பாம்பும் நஞ்சேறி இறக்க இடமுண்டு. வீட்டுப் பாம்பிற்கு மட்டுமன்றி வேலிப் பாம்பிற்கும் இது பொருந்தும்.

4. வளர்ச்சியும் சுழற்சியும்

நல்ல வளர்ச்சி என்றால் என்ன? இவ்வினாவிற்கு விலங்கின் உடல் தரும் விடை ஒன்று. சந்தை தரும் விடை வேறொன்று. மிதமாக ஊட்டப்பட்ட சோளப்பாம்பு ஏறத்தாழ 2 முதல் 3 ஆண்டுகளில் இனப்பெருக்கத்திற்கு உரிய பருவத்தை எய்தும். ஒரு பெண்பாம்பு ஒருமுறைக்கு ஏறத்தாழ 10 முதல் 30 முட்டைகள் வரை இடும். ஏறத்தாழ 28 பாகை வெப்பத்தில் இரண்டு மாதமளவிற் குஞ்சுகள் வெளிவரும். விற்பனைக்காக வளர்ப்பவருக்கு இக்காலம் நீண்டதாகத் தோன்றுகின்றது. மூலதனம் விரைந்து சுழலவேண்டும் என்னும் தேவை, பாம்பை விரைந்து பருக்கவைக்கத் தூண்டுகின்றது. இடைவெளியைக் குறைத்து மிகுதியாக ஊட்டப்பட்ட பாம்பு விரைவில் நீளும். ஆனால் ஈரலிலும் உடற்குழியிலும் கொழுப்புப் படியும். ஆயுளும் குறைய இடமுண்டு. விரைவு வேறு, நலம் வேறு. சந்தை முன்னதனை அளக்கின்றது. பின்னதனை அளப்பதற்கு அதனிடம் கோல் இல்லை.

நிறத்திலும் இதே போக்கைக் காணலாம். கரும்நிறமி அற்ற சோளப்பாம்பு 1950களில் வட கரோலினாவிற் பிடிக்கப்பட்டு, அதன் வழித்தோன்றல்கள் அடைப்பிற் பெருக்கப்பட்டன. அதன்பின் செம்மஞ்சள், வெண்மை, சாம்பல் எனப் பல நிறவகைகள் தெரிவுமுறையால் உருவாக்கப்பட்டுள்ளன. காட்டிற் பாம்பின் நிறம் அதனை மறைப்பதற்கு உரியது. கடையில் அது பாம்பைக் காட்டுவதற்கு உரியது. பயன்மதிப்பைப் பரிமாற்றமதிப்பு விழுங்கும் முறையை விளக்குவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. வணிகப் பண்ணைகள் பலவற்றில் இப்பாம்புகள் அடுக்கடுக்கான பிளாஸ்ரிக் இழுப்பறைகளில் வைக்கப்படுகின்றன. இழுப்பறையின் அளவைத் தீர்மானிப்பது பாம்பின் நீளமன்று, இடத்தின் வாடகையே.

பக்தி பாம்பைத் தெய்வமாக்கிப் பால் வார்க்கின்றது. சந்தை பாம்பைப் பண்டமாக்கி எலியை அளவுமீறி ஊட்டுகின்றது. முரண்பட்டனவாகத் தோன்றும் இவ்விரண்டும் ஒன்றிற் பொருந்துகின்றன: இரண்டிலும் பாம்பின் சொந்தத் தேவை மறைந்துபோகின்றது.

5. இருளரின் பானை

அப்படியாயின், பாம்பை அதன் தேவையறிந்து வைத்துக் காத்த மரபு தமிழரிடையே இல்லையா? உண்டு. அதனைக் கோயிலிலோ கடையிலோ காண்பதற்கில்லை, உழைப்பாளரிடையே காணலாம். தமிழகத்தின் செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர்ப் பகுதிகளில் வாழும் இருளர் பாம்பு பிடிப்பதிலும் வயலெலி பிடிப்பதிலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தவர்கள். இருபதாம் நூற்றாண்டிற் பாம்புத்தோல் ஏற்றுமதி வாணிகம் இத்திறனைச் சுரண்டியது. சாரையும் மலைப்பாம்பும் பெருந்தொகையிற் கொல்லப்பட்டன. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதனைத் தொடர்ந்த ஏற்றுமதித் தடையும் இவ்வாணிகத்தை ஒழித்தன. இருளரின் பிழைப்பும் உடன் ஒழிந்தது. 1972இற் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய றொமுலசு விற்றேக்கரின் துணையோடு 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. மாமல்லபுரத்திற்கு அண்மையிலுள்ள வடநெம்மேலியில் அது இயங்கிவந்துள்ளது.

அங்கு பாம்புகள் வைக்கப்படும் கலம் மண்பானை. அடியில் மணல்; வாயிற் காற்றுப்புகும் துணி. பானைக்குள் இருளும் ஒடுக்கமும் குளிர்ச்சியும் உண்டு. பாம்பு வளையில் தேடுவதும் இவற்றையே. ஏறத்தாழ ஒரு மாதகாலத்தில் நான்குமுறை நஞ்செடுத்தபின், பாம்பு மீண்டும் காட்டில் விடப்படுகின்றது. சங்கமும் நஞ்சை விற்கவே செய்கின்றது என்பது உண்மை. ஆனால் முன்பு தோல் வணிகருக்காகப் பாம்பைக் கொன்ற அதே கைகள், இங்கு தம் அறிவுக்கும் விளைபொருளுக்கும் தாமே உரிமையுடையனவாகி, பாம்பை உயிரோடு திருப்பி அனுப்புகின்றன. உற்பத்தி உறவு மாறியபோது பாம்பின் விதியும் மாறியது. இருளரான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023இல் இந்திய அரசு பத்மசிறீ விருது அளித்தமை, ஏட்டுக்கல்வி பெறாத இவ்வறிவுக்குக் காலந்தாழ்த்திக் கிடைத்த ஏற்பாகும்.

இதிற் பாம்பு பேணுபவருக்கும் ஒரு பாடம் உண்டு. வெப்பநாட்டில் ஈரமணலிற் பாதி புதைந்த மண்பானை, விலையுயர்ந்த எந்தக் கருவிக்கும் குறையாத குளிர்மறைவிடமாகும். சோளப்பாம்பின் அடைப்பிலும் கவிழ்த்த மண்சட்டியொன்று இப்பணியைச் செய்யும். அடைப்பின் ஏனைய பகுதி உலர்ந்தும் காற்றோட்டமாகவும் இருக்குமாயின், சட்டியின் ஈரம் தீங்கு செய்யாது.

நஞ்சுமுறி மருந்துக்கு இருளரின் உழைப்பு அடிப்படையாக உள்ளமை நமக்கும் தொடர்பற்றதன்று. இலங்கை வைத்தியசாலைகள் நெடுங்காலமாக இந்தியாவில் உற்பத்தியாகும் நஞ்சுமுறியையே நம்பிவந்துள்ளன. இந்தியப் பாம்புகளின் நஞ்சைக்கொண்டு உருவாகும் அம்மருந்து, இலங்கையிற் பரவலாகக் கடிக்கும் குழிவிரியன் இனங்களின் நஞ்சுக்கு எதிராகப் பயன்படுவதில்லை. எந்த மண்ணின் பாம்பு என்பது உயிர்காக்கும் வினாவாகின்றது.

6. நம் வேலியோரத்துச் சாரை

சோளப்பாம்பை யாழ்ப்பாணத்திற்குக் கொணரலாமா? தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. 2009இல் விரிவாகத் திருத்தப்பட்டது. அதன்படி ஊர்வனவற்றை நாட்டுக்குள் கொண்டுவர வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். உள்நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் அடைத்துவைப்பதற்கும் சட்டம் இடந்தருவதில்லை. சட்டத்திற்கு அப்பாலும் காரணம் உண்டு. தப்பியோடும் அயற்பாம்பு இங்குள்ள உயிரினங்களுக்கு நோயையும் போட்டியையும் கொணரலாம்.

ஆயினும், சோளப்பாம்பு அமெரிக்கக் களஞ்சியத்திற் செய்த பணியை இங்கு செய்துவரும் பாம்பு ஒன்று உண்டு. அதுவே சாரை. இரண்டும் ஒரே பெருங்குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் நஞ்சற்றவை, இரண்டும் எலியுண்பவை. சாரை இரண்டு மீற்றருக்கு மேலும் நீளும். நெல்வயலிலும் வெங்காயத் தோட்டத்திலும் பனந்தோப்பிலும் உலவும் சாரையை, நாகத்தின் இணை என்றும், இரண்டும் பிணையும் என்றும் கூறும் நம்பிக்கை தமிழரிடையே பரவலாக உண்டு. உண்மையில், பிணைந்து எழும் காட்சி பெரும்பாலும் இரு ஆண்சாரைகளின் போர். நாகத்திற்குப் பால் வார்க்கும் கையே சாரையை அடித்துக் கொல்கின்றது. குடாநாட்டின் நல்லபாம்பும் புடையனும் எட்டடி விரியனும் மணற்பாங்கான இடங்களில் வாழும் சுருட்டை விரியனும் உயிருக்கு ஆபத்தானவை. அவற்றைப் பிரித்தறியாத அச்சம் சாரைமீது இறங்குகின்றது.

இதன் விலையைச் செலுத்துவோர் கமக்காரரே. எலி பெருகினால் நெல்லும் வெங்காயமும் அழிகின்றன, எலிநஞ்சு வாங்கப்படுகின்றது, அந்நஞ்சு எஞ்சிய சாரையையும் ஆந்தையையும் கொல்கின்றது, எலி மேலும் பெருகுகின்றது. 2024 மார்கழியில் யாழ்ப்பாண மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்கள் பறிபோயின. வெள்ளநீரும் சேற்றில் வெறுங்காலோடு உழைக்கவேண்டிய நிலையும் இந்நோய்க்கு முதற்காரணங்கள். ஒரு பாம்பினம் அதனை நிறுத்திவிடும் எனக் கூறுதல் மிகையாகும். எனினும், எலியைக் கட்டுப்படுத்தும் உயிர்களை அழித்துவிட்டு நோயை மட்டும் தனியே எதிர்கொள்ள முற்படுதல் அறிவுடைமையாகாது.

சாரைக்கும் உறைவிடமும் உணவுமே தேவை. கதியால் வேலி, வைக்கற்போர், கற்குவியல், பழம்பனையின் அடி என்பன அதன் மறைவிடங்கள். வேலி மதிலாகும்போது அவை ஒன்றொன்றாக மறைகின்றன. அடைப்புக்குள் இரு மறைவிடம் வேண்டும் என்று சோளப்பாம்பு நமக்குக் கற்பிப்பது தோட்டத்திற்கும் பொருந்தும். வயலோரத்தில் வெட்டாத ஒரு பற்றையும், மதிலின் அடியில் ஊர்வன செல்லத்தக்க ஓர் இடைவெளியும், கிணற்றடியிலிருந்தும் வீட்டிலிருந்தும் தள்ளிய ஒரு கற்குவியலும் பெருஞ்செலவுக்கு உரியனவல்ல. கமக்காரர் அமைப்புகளும் பாடசாலைகளும் பல்கலைக்கழக விலங்கியற்றுறையும் ஒன்றுகூடி, ஒவ்வோர் ஊரிலும் நஞ்சுள்ள பாம்பையும் நஞ்சற்ற பாம்பையும் படங்களோடு வேறுபடுத்திக் காட்டும் பணியை மேற்கொள்ளலாம். எலிநஞ்சின் பயன்பாட்டைக் குறைத்து, பொறியையும் பொந்து தோண்டலையும் கூட்டுமுயற்சியாக்கலாம். இவற்றைச் செய்தறிந்த முதிய தோட்டக்காரரும் வயற் கூலியாளரும் இன்னும் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களின் அறிவு பதிவாக வேண்டிய காலம் இதுவாகும்.